அரைமணிக்கு ஒருமுறை

காய்ச்சலோ களைப்போ, எது வந்தாலும் "ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுங்க டாக்டர், தெம்பாயிடுவாங்க" என்று கேட்காத குடும்பம் நம் ஊரில் அபூர்வம். அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஐந்தாறு தேக்கரண்டிக்கு மேல் தேறாது. ஒரு லிட்டர் சலைனில் 9 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பை நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தெம்பு என்று சொல்லத்தக்க எதுவும் அந்தப் பாட்டிலில் இல்லை. இருந்தாலும் அந்த நம்பிக்கையை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. வயிற்றுப்போக்கில் கண் குழிவிழுந்து, நாக்கு வறண்டு, துவண்டு கிடந்த ஒருவர், இரண்டு பாட்டில் ஏறியதும் எழுந்து உட்கார்ந்து பேசுவதை நம் மக்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். கண்டதைத்தான் நம்புகிறார்கள். மருத்துவ உலகமும் நெடுங்காலம் அதையேதான் நம்பியது: ரத்த அழுத்தம் விழுந்தால் திரவம் ஏற்று, மறுபடி விழுந்தால் மறுபடி ஏற்று.

அந்த நம்பிக்கை பிறந்த இடம் ஒரு துறைமுகம். 1831-ல் காலரா இங்கிலாந்தின் வடகிழக்கில் சண்டர்லாந்து நகரத்தில் வந்து இறங்கியது. 22 வயதான வில்லியம் புரூக் ஓஷானெஸி என்ற மருத்துவர் காலராவில் கிடந்தவர்களின் ரத்தத்தைச் சோதித்து, அதிலிருந்து நீரும் உப்பும் பெருமளவு போய்விட்டிருப்பதை எழுதினார். (பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராகக் கல்கத்தா வந்து, இந்தியாவில் தந்திக் கம்பிகளை இழுத்தவரும் இவரேதான்.) போனதைத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தவர் தாமஸ் லாட்டா. ஸ்காட்லாந்தில், எடின்பரோவை ஒட்டிய லீத் துறைமுகத்தில் வைத்தியம் பார்த்தவர். 1832-ல், நாடியே அகப்படாமல் கிடந்த ஒரு வயதான பெண்மணியின் கையில் குழாயைச் செருகி, அவுன்ஸ் அவுன்ஸாக உப்புநீரைச் செலுத்தினார். ஒவ்வொரு அவுன்ஸுக்கும் அவள் முகத்தைப் பார்த்தார். முதலில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு மூச்சு இலகுவானது, நாடி திரும்பியது, கைகால்கள் சூடேறின. அரைமணி நேரத்தில் ஆறு பைண்ட், ஏறத்தாழ 3 லிட்டர் போயிருந்தது. அவள் தெளிவான குரலில் பேசினாள். தனக்கு இனி ஒன்றுமில்லை, கொஞ்சம் தூங்கினால் போதும் என்றிருந்தாள். லாட்டா அவளை மருத்துவமனையின் இன்னொரு மருத்துவர் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார். வாந்தியும் பேதியும் மீண்டும் தொடங்கின. திரவத்தைத் திரும்பக் கொடுக்கவில்லை. ஐந்தரை மணி நேரத்தில் அவள் இறந்துபோனாள். மறுபடி கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றே லாட்டா லான்செட் இதழுக்கு எழுதினார்.

மருத்துவ வரலாறுகள் இதைச் சலைனின் பிறப்பாகச் சொல்கின்றன. நான் இதைப் படிக்கும்போதெல்லாம் அந்த ஐந்தரை மணி நேரத்தில்தான் நின்றுவிடுகிறேன். முதல் அரைமணியில் ஒவ்வொரு அவுன்ஸுக்கும் ஒரு பார்வை இருந்தது. பார்வை விலகியதும் மருந்து பயனற்றுப் போனது. ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்குப் பிறகும், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஷாக்கில் கிடக்கும் ஒருவருக்குத் திரவம் வேண்டுமா வேண்டாமா என்று நிற்கும்போது, நாங்கள் லீத் நகரத்து அந்தப் படுக்கை அருகில்தான் நிற்கிறோம்.

ஷாக் என்றால் ரத்த அழுத்தம் குறைவது என்று சுருக்கிச் சொல்லிவிடுகிறோம். உள்ளே நடப்பது வேறு. உடம்பின் செல்களுக்கு வேண்டிய ஆக்சிஜன் போய்ச் சேரவில்லை. ரத்தமோ நீரோ குறைந்துபோனதால் இருக்கலாம். மாரடைப்புக்குப் பின் இதயம் தள்ள முடியாமல் திணறலாம். நுரையீரலுக்குப் போகும் வழியை ஒரு ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். கிருமித்தொற்றில் ரத்தக்குழாய்களே தளர்ந்து அகன்றுவிடலாம். நம் ரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எப்போதும் சிரைகளில்தான் இருக்கிறது. அந்தச் சிரைகள் தளர்ந்தால், ஒரு சொட்டு ரத்தம் வெளியே போகாமலே இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்துவிடும். அந்த இடத்தில் நாரட்ரினலின் என்ற மருந்தைக் கொடுத்துக் குழாய்களை இறுக்குவது, இன்னும் இரண்டு லிட்டர் சலைனைவிட நல்ல காரியமாக இருக்கக்கூடும். கால் வீங்கி, நுரையீரலில் நீர் கோத்துக் கிடக்கிற ஒருவரின் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் போதாமல் இருப்பதும் உண்டு. உடம்பு முழுக்க நீர் இருக்கிறது, இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

இந்தக் குழப்பத்தில் ஓர் எண் கிடைத்தால் எவ்வளவு நிம்மதி! கழுத்துச் சிரை வழியே இதயத்தின் வாசல்வரை குழாயைச் செலுத்தி, அங்குள்ள அழுத்தத்தை அளந்தார்கள். குறைவாக இருந்தால் தொட்டி காலி, அதிகமாக இருந்தால் தொட்டி நிறைவு என்று ஒரு கணக்கு. 2001-ல் டெட்ராய்ட் நகரத்தில் இமானுவேல் ரிவர்ஸும் குழுவினரும் கிருமித்தொற்று ஷாக்கில் வந்த 263 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். அந்த அழுத்தத்தை 8 முதல் 12 வரை கொண்டுவருவது உட்பட, முதல் ஆறு மணி நேரத்துக்குச் சில இலக்குகளை வைத்துச் சிகிச்சை கொடுத்தபோது இறப்பு 46.5 சதவீதத்திலிருந்து 30.5 சதவீதமாகக் குறைந்தது. உலகமே அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டது. 2008-ல் பால் மாரிக்கும் உடன் எழுதியவர்களும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்துவிட்டு, திரவம் கொடுத்தால் இதயம் கூடுதலாகத் தள்ளுமா என்பதை அந்த அழுத்தம் முன்கூட்டிச் சொல்லவே இல்லை என்று காட்டினார்கள். 2014, 2015 ஆண்டுகளில் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவை மையமாகக் கொண்டும் பிரிட்டனிலும் நடந்த மூன்று பெரிய ஆய்வுகள், ரிவர்ஸின் இலக்குகளைப் பின்பற்றியவர்களுக்கும் வழக்கமான கவனிப்பு பெற்றவர்களுக்கும் இறப்பில் வேறுபாடு இல்லை என்றன.

ரிவர்ஸ் தோற்றுவிட்டார் என்று இதை வாசிப்பது அநியாயம். அவர் ஆய்வுக்குப் பிறகு உலகெங்கும் நோயாளியைச் சீக்கிரம் பார்த்தார்கள், சீக்கிரம் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள், அடிக்கடி திரும்பி வந்து பார்த்தார்கள். அதுவே வழக்கமான கவனிப்பாகிவிட்டது. எண் போனது, அந்த எண்ணின் பெயரால் வந்து சேர்ந்த கவனிப்பு தங்கிவிட்டது. நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

ஆனால் திரவம் நல்லது என்ற அடிப்படை நம்பிக்கையையே ஆட்டிப்பார்த்தது ஆப்பிரிக்காவில் நடந்த ஆய்வு. கென்யா, உகாண்டா, தான்சானியா மருத்துவமனைகளில் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றி வந்த 3,141 குழந்தைகள். பாதிக்கு மேல் மலேரியா. ஒரு பிரிவினருக்கு உடனடியாகச் சலைன், இன்னொரு பிரிவினருக்கு ஆல்புமின் என்ற புரதக் கரைசல், மூன்றாவது பிரிவினருக்கு வேகமாகத் திரவம் ஏற்றாமல் பராமரிப்பு அளவு மட்டும். திரவம் பெறாத குழந்தைகள்தான் அதிகம் இறக்கும் என்று பலரும் எதிர்பார்த்திருப்பார்கள். 48 மணி நேரத்தில், திரவம் பெற்ற இரு பிரிவுகளிலும் நூற்றுக்குப் பத்துக்கும் மேல் இறந்தன. பெறாத பிரிவில் 7.3. ஆய்வைத் திட்டமிட்டதற்கு முன்பே நிறுத்தினார்கள். 2011-ல் முடிவு வெளிவந்தது. எனக்கு நெஞ்சை அறுப்பது இன்னொரு விவரம்: முதல் ஒரு மணி நேரத்தில் ஷாக்கின் அறிகுறிகள் தணிந்த குழந்தைகள் திரவம் பெற்ற பக்கம்தான் கூடுதல். கண்ணுக்குத் தேறியது போலத் தெரிந்து, பின்னால் இறந்திருக்கின்றன. சாம்பியத் தலைநகர் லுசாகாவில், பெரும்பாலும் எச்.ஐ.வி. தொற்றுள்ள பெரியவர்களிடம் நடந்து 2017-ல் வெளியான ஆய்விலும் இதே கதை. திட்டப்படி அதிகத் திரவம் கொடுத்த பிரிவில் 48 சதவீதம் இறந்தார்கள், வழக்கமான கவனிப்பில் 33 சதவீதம்.

வென்டிலேட்டரும் தீவிர சிகிச்சையும் பெரும்பாலும் கிடைக்காத இடங்கள் அவை. அந்த முடிவுகளை அப்படியே சென்னைக்கோ மதுரைக்கோ தூக்கிவந்து பொருத்த முடியாது. வயிற்றுப்போக்கில் வறண்டு வரும் குழந்தைக்குத் திரவமே உயிர், அதில் மாற்றமில்லை. ஆப்பிரிக்க ஆய்வில் அந்தக் குழந்தைகளைச் சேர்க்கவும் இல்லை. ஆனாலும் ஒரு லிட்டர் சலைன் யாருக்கும் கெடுதல் செய்யாது என்ற நிம்மதி அன்றோடு போய்விட்டது.

இதயத்தின் தசை உண்டிவில்லின் ரப்பர் மாதிரி. இழுக்க இழுக்கக் கல் தூரமாகப் போகும், ஓர் எல்லை வரைக்கும். அதற்கப்பால் இழுத்தால் கை வலிப்பதுதான் மிச்சம். உள்ளே வரும் ரத்தம் கூடினால் இதயம் நன்றாக விரிந்து நன்றாகத் தள்ளும். எல்லை தாண்டினால் உபரி நீர் நுரையீரலிலும் குடலிலும் சிறுநீரகத்திலும் போய்த் தேங்கும். ஓட்டோ ஃபிராங்கும் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் நூறாண்டுக்கு முன்பே விளக்கிவிட்ட விதி இது. ஷாக்கில் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத்தான் திரவம் கொடுத்தால் இதயம் கூடுதலாகத் தள்ளுகிறது என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. மறு பாதிப்பேருக்கு அது சுமை.

எந்தப் பாதி என்று தெரிந்துகொள்ள ஓர் அழகான வழி இருக்கிறது. நோயாளியைச் சாய்ந்த நிலையில் வைத்து, கட்டிலையே அசைத்து உடம்பைக் கிடத்திக் கால்களை 45 பாகைக்கு உயர்த்துவது. கால்களிலும் வயிற்றிலும் தங்கியிருக்கும் சுமார் 300 மில்லி ரத்தம் இதயத்துக்கு வந்து சேரும். ஒரு நிமிடத்துக்குள், எக்கோ கருவியில் இதயம் தள்ளும் அளவு கூடுகிறதா என்று பார்த்துவிடலாம். கூடவில்லையென்றால் காலை இறக்கிவிட வேண்டியதுதான், கொடுத்தது திரும்பிவிடும். வெளியிலிருந்து ஒரு சொட்டும் ஏற்றாமல், ஏற்றினால் என்ன ஆகும் என்று அந்த உடம்பிடமே கேட்டுவிடுகிறோம். ஆனால் இதயம் கூடுதலாகத் தள்ளும் என்று தெரிந்துவிட்டாலே ஏற்றிவிட வேண்டும் என்பதில்லை. நலமாக உட்கார்ந்து இதை வாசிக்கும் உங்களுக்கு இப்போது திரவம் கொடுத்தாலும் இதயம் கூடுதலாகத்தான் தள்ளும். உங்களுக்கு அது தேவையில்லை. இதயத்தால் முடியுமா என்பது ஒரு கேள்வி. உடம்புக்கு வேண்டுமா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு எந்தக் கருவியும் பதில் சொல்வதில்லை.

நம் ஊரில் இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுவது டெங்குவில். 2012-லும் 2017-லும் தமிழ்நாட்டின் குழந்தைகள் வார்டுகளில் இருந்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். வார்டு வாசலில் எல்லாப் பெற்றோர் வாயிலும் ஒரே கேள்வி: "பிளேட்லெட் எவ்வளவு சார்?" டெங்குக் குழந்தையைப் பெரும்பாலும் ஷாக்கில் தள்ளுவது பிளேட்லெட் குறைவதல்ல. ரத்தக்குழாய்ச் சுவர்கள் கசிந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி நெஞ்சுக்கூட்டுக்கும் வயிற்றுக்கும் போய்விடுகிறது. அது நடப்பது காய்ச்சல் கொதிக்கும் நாட்களிலும் இல்லை. காய்ச்சல் விடும்போது, மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், 24 முதல் 48 மணி நேரம். வீட்டில் எல்லோரும் "அப்பாடா" என்று மூச்சுவிடும் நேரம் அதுதான்.

அந்தக் குழந்தையைக் கிட்டே போய்ப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும், பெயர் கேட்டால் சொல்லும், தண்ணீர் கேட்கும். மேல் அழுத்தம் 100 இருக்கும். யாரும் பயப்பட மாட்டார்கள். கீழ் அழுத்தம் 80 என்று எழுதியிருப்பதைப் பார்த்தால்தான் திக்கென்றிருக்கும். இரண்டுக்கும் இடைவெளி 20-க்கு வந்துவிட்டால், அந்த உடம்பு தன் ரத்தக்குழாய்களையெல்லாம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்று போராடுகிறது என்று பொருள். பாதத்தைத் தொட்டால் சில்லிட்டிருக்கும். இரவுப் பணியில் இருக்கும், தானும் ஒரு தாயான செவிலியர் இந்தக் கட்டத்தில் மானிட்டரைப் பார்ப்பதற்கு முன் குழந்தையின் அம்மாவிடம் திரும்புவார். "ஏம்மா, புள்ள கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போச்சு?" அம்மா கொஞ்சம் யோசித்து, "சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம் போனது சிஸ்டர். அதுக்கப்புறம் போகலையே" என்பார். அப்போது மணி இரவு பதினொன்று. உடனே டியூட்டி டாக்டருக்குப் போன் போகும். அந்தப் பதிலைவிடத் துல்லியமான ஓர் அளவை எனக்குத் தெரியாது.

அங்கிருந்து தொடங்குவது ஒரு நூல்மேல் நடை. ஷாக் தொடங்கி, அழுத்தம் இன்னும் விழாமல் இருந்தால் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி ரிங்கர் லாக்டேட், ஒரு மணி நேரத்தில். பார்த்துவிட்டுக் குறைக்க வேண்டும். மறுபடி பார்த்து மறுபடி குறைக்க வேண்டும். 2005-ல் ஹோ சி மின் நகரத்தில் நடந்த ஆய்வு, மிதமான ஷாக்குக்கு இந்த எளிய திரவமே போதும், விலைகூடியவை தேவையில்லை என்று சொன்னது. குறைவாகக் கொடுத்தால் ஷாக் ஆழமாகும். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் அது கசிந்து நெஞ்சில் நிரம்பி மூச்சை அடைக்கும். நிறையச் சிறுநீர் போக வேண்டும் என்று ஆசைப்படக்கூடாது. கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி போதும் என்கிறார்கள், அதற்கு மேல் ஆசைப்பட்டால் கொடுக்கிற திரவம் வரம்பு மீறிவிடும்.

பி.சி.வி. என்று வார்டில் சொல்கிற ரத்த அடர்த்தி இங்கே பெரிய துணை. நீர் கசிந்தால் ரத்தம் கெட்டியாகி அந்த எண் ஏறும். இரண்டு நாள் கழித்து அதே எண் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். குழந்தையின் நாடி நிறைவாக, கை சூடாக, சிறுநீர் தாராளமாக இருந்தால், கசிந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது; அந்த நிமிடமே ட்ரிப்பை நிறுத்த வேண்டும், இனி ஏறும் ஒவ்வொரு சொட்டும் நுரையீரலுக்குத்தான். அதே எண் அதே அளவு இறங்கி, நாடி விரைந்து, பாதம் சில்லிட்டிருந்தால், உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது. உடனே ரத்தம் ஏற்ற வேண்டும். ஒரே தாள், ஒரே எண். ஒன்றில் கையை எடுக்க வேண்டும், இன்னொன்றில் கையை நீட்ட வேண்டும். எது என்று தாள் சொல்லாது. குழந்தையின் காலைத் தொட்டவருக்குத் தெரியும்.

தொடுவதை அறிவியலுக்கு முந்திய பழக்கம் என்று யாராவது நினைத்தால், 2019-ல் வெளியான ஓர் ஆய்வைப் பார்க்க வேண்டும். அர்ஜென்டினா, சிலி, கொலம்பியா, ஈக்வடார், உருகுவே நாடுகளில் 28 தீவிர சிகிச்சைப் பிரிவுகள், கிருமித்தொற்று ஷாக்கில் இருந்த 424 நோயாளிகள். ஒரு பிரிவினருக்கு, செல்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் ஏறும் லாக்டேட் அளவை இரண்டு மணிக்கொருமுறை பார்த்துச் சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்கு ஆள்காட்டி விரல் நுனியை ஒரு கண்ணாடித் துண்டால் வெளுக்கும்படி பத்து விநாடி அழுத்தி, விட்டதும் நிறம் திரும்ப எத்தனை விநாடி ஆகிறது என்று அரைமணிக்கு ஒருமுறை பார்த்துச் சிகிச்சை. மூன்று விநாடிக்கு மேல் போனால் ரத்த ஓட்டம் சரியில்லை. விரலைப் பார்த்தவர்கள் முதல் எட்டு மணி நேரத்தில் குறைவான திரவமே கொடுத்தார்கள். அந்தப் பிரிவில் இறப்பு 34.9 சதவீதம், லாக்டேட் பிரிவில் 43.4. புள்ளியியல் கணக்கில் இந்த வேறுபாடு உறுதியென்று சொல்லும் எல்லையை மயிரிழையில் தவறவிட்டது. ஆகவே விரலே வென்றது என்று முழங்க மாட்டேன். ஆனால் ரத்தப் பரிசோதனைக்கு ஈடாக ஒரு விரல் நுனி நின்றிருக்கிறது. அதற்கும் நிபந்தனைகள் உண்டு. ஏசி குளிரில் விரல் பொய் சொல்லும். நம்மைப் போலக் கறுத்த தோலில் நல்ல வெளிச்சம் வேண்டும், பழகிய கண் வேண்டும்.

அந்த ஆய்வில் என்னை யோசிக்கவைப்பது விரலைவிட அரைமணி. அரைமணிக்கு ஒருமுறை ஒரு மனிதர் அந்தப் படுக்கைக்கு வந்து, அந்தக் கையைத் தன் கையில் எடுத்திருக்கிறார். மூச்சு மாறியிருந்தால் அவர் கண்ணில் பட்டிருக்கும். இமை வீங்கியிருந்தால், முழங்காலைச் சுற்றித் தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறியிருந்தால், யூரின் பையில் கோடு ஏறாமல் அங்கேயே நின்றிருந்தால், அதுவும் பட்டிருக்கும். கருவி வாங்க நாம் தயங்குவதில்லை. திறப்பு விழாவும் கல்வெட்டும் கருவிக்குக் கிடைக்கும். அரைமணிக்கு ஒருமுறை வந்து நிற்கும் ஆளுக்குத்தான் பஞ்சம். பல வார்டுகளில் ஒரு செவிலியர் இரவு முழுவதும் பத்திருபது பேரைப் பார்க்கிறார். அவரிடம் நேரமில்லை என்பதால், மாலையில் எழுதிய "மணிக்கு 100 மில்லி" விடியும்வரை அப்படியே ஓடுகிறது. இரவு இரண்டு மணிக்குக் குறைத்திருக்க வேண்டிய ட்ரிப், காலை ரவுண்டில்தான் குறைகிறது. ஷாக்கில் இருக்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒவ்வொரு இரவும் ஒரு செவிலியர் வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு இனி செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் முதல் உரிமை அந்த வேலைக்குத்தான் என்பது என் உறுதியான கருத்து.

வாசிப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்று. உங்கள் வீட்டில் யாராவது அந்தக் கட்டிலில் கிடந்தால், "இன்னொரு பாட்டில் ஏத்தலையா?" என்று கேட்காதீர்கள். கடைசி ஆறு மணி நேரத்தில் எவ்வளவு சிறுநீர் போயிருக்கிறது, இந்த ட்ரிப் இன்னும் தேவையா என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. மூச்சு மாறுவது முதலில் உங்களுக்குத்தான் தெரியும், தயங்காமல் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். டெங்குக் காலத்தில், காய்ச்சல் விட்ட நாளன்று குழந்தையின் கைகால் சில்லிட்டிருந்தால், வயிறு வலிக்கிறது என்று அழுதால், ஐந்தாறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருந்தால், பிளேட்லெட் எவ்வளவு இருந்தாலும் சரி, விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.